செட்டிநாட்டு ரயில் ஸ்டேஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானாடுகாத்தான் அரண்மனையையும் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளையும் பார்க்க வருகிறவர்கள், வழியில் ஆள் அரவமே இல்லாத ஒரு ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். இத்தனை பெரிய வீடுகள் இருக்கிற ஊருக்கு ஏன் இப்படி ஒரு வெறிச்சோடிய ஸ்டேஷன், யார் கட்டியது, ஏன் தூங்குகிறது என்று அங்கிருந்து கேள்விகள் ஆரம்பமாகும். வெளியூர்க்காரர்களும், வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

செட்டிநாடு என்பது வட்டாரத்தின் பெயர்தானே? அந்தப் பெயரில் ஸ்டேஷன் உண்டா?

உண்டு. திருச்சி–மானாமதுரை பாதையில் திருமயத்துக்கும் கோட்டையூருக்கும் நடுவில் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் மக்களுக்கு அதுதான் பக்கத்து ஸ்டேஷன். திருமயம் தாண்டி வரும்போது புதுக்கோட்டை மாவட்டம் முடிந்து சிவகங்கை மாவட்டம் தொடங்கும். ரயில் வந்த காலத்தில் இது இன்னும் பெரிய எல்லை. திருமயம் தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டை சமஸ்தானம். செட்டிநாடு ஸ்டேஷன் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ராமநாதபுரம் மாவட்டம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் வரை இந்த இரண்டு ஸ்டேஷன்களும் இரண்டு அரசாங்கங்களின் மண்ணில் இருந்தன.

அது மூடிவிட்ட ஸ்டேஷனா?

இல்லை. பாசஞ்சர் வண்டி நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெரும்பாலானவை கூவிக்கொண்டு போய்விடும். அதனால் பகலில் பெரும்பகுதி நேரம் அங்கே காற்றும் வேப்பமரமும்தான்.

பலருக்கு இதில் குழப்பம் இருப்பதால் ஒரு விளக்கம். ஸ்டேஷன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க லூப் லைன் (ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம்) வேண்டும், சிக்னல் வேண்டும், இருபத்துநாலு மணி நேரமும் ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும். அது கிராஸிங் ஸ்டேஷன். லூப் லைன் இல்லாமல், வண்டி நின்று ஆளை ஏற்றி இறக்கிப் போவது மட்டும் என்றால் அது ஹால்ட். ஹால்ட்டில் மாஸ்டர் கிடையாது. பல இடங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் உள்ளூர் ஏஜெண்ட் ஒருவர் இருப்பார், அவரும் வண்டி வரும் நேரத்துக்குத்தான் வருவார். பழைய குறுகிய தண்டவாளங்களை அகலப்பாதையாக மாற்றியபோது தமிழ்நாட்டில் பல சின்ன ஸ்டேஷன்கள் ஹால்ட்டாக இறங்கிவிட்டன. கட்டடம் பெரிதாக இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. பார்க்கிறவர்கள் மூடிவிட்டார்கள் என்று நினைப்பது இதனால்தான்.

இந்தப் பாதை எப்போது போடப்பட்டது?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929இல். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரை வரை 1930இல். போட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, தலைமையிடம் திருச்சி. மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் சரியாக 1000 மில்லிமீட்டர்.

1930 என்ற இந்த வருஷத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பல கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் ரயிலில் வந்து இறங்கவில்லையா?

இந்த ஸ்டேஷன்களில் இறங்கவில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் அப்படித்தான் கதை சொல்கிறார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒட்டாது. நாம் இன்று வாய் பிளந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் எழும்பியவை. கானாடுகாத்தான் அரண்மனை 1912 என்று சொல்லப்படுகிறது. ரயில் வந்தது 1930. முகப்பும் பட்டாலையும் (முன்கூடம்) வளவும் (உள்முற்றம்) கட்டி, கதவு நிலை செதுக்கி, சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசி மெழுகி முடித்து, புதுமனை புகுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பல வீடுகளுக்கு ரயில் சத்தம் கேட்டது.

அதற்கு முன் எப்படி? கப்பலில் துறைமுகத்துக்கு வரும், அங்கிருந்து பக்கத்து ரயில் முனைக்கு வரும், மிச்சத் தூரம் மாட்டு வண்டி. ரயில் முனைகள் செட்டிநாட்டைச் சுற்றி மூன்று பக்கமும் இருந்தன. மேற்கே மதுரை, 1875இலேயே. தெற்கே மானாமதுரை, மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் போட்ட பாதையில். கிழக்கே அறந்தாங்கி, 1903 கடைசியில். அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தச் சொச்சத்தைத் தண்டவாளம் தாண்ட 49 வருஷம் ஆனது என்பது தனிக் கதை, கீழே வருகிறது.

ஒரு தேக்குத் தூணை நினைத்துப் பாருங்கள். ஒரே மரத்தில் கடைந்தது, ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அதை வண்டியில் ஏற்றி, செம்மண் பாதையில், மழைக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பர்மாவில் வாங்கிய விலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வண்டிக்காரர்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை.

ரயில் வந்த பிறகு யார் ஏறினார்கள்?

கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போனவர்கள். இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் என்று நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகள் இருந்த இடங்களுக்கு ஆள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையின் தலைமை ஆள் முதல் எடுபிடிப் பையன் வரை எல்லாம் பொதுவாக மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். குடும்பம் ஊரில் இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் வந்து, கலியாணம் காட்சி பார்த்து, மறுபடி கிளம்புவார்கள். கல்லாப்பெட்டி போகும் இடமெல்லாம் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) இருக்கும், தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை.

இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை பெரிய வரம். 1914இலிருந்து பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில் இருந்தது; அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்பு ரயில். சென்னையிலிருந்து இந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுவரும் போட் மெயில் ரயில் முன்பெல்லாம் மதுரையைச் சுற்றித்தான் மானாமதுரைக்கு வர வேண்டும். 1930க்குப் பிறகு திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக நேர்பாதை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மிச்சம். காரைக்குடியில் ஏறிய செட்டியார் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அந்தத் தொடர்பும் போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் 1980களின் தொடக்கம் வரை ஓடி, இலங்கைப் போரோடு நின்றது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் இன்றும் வாயில் இருக்கிறது. ராமேஸ்வரம் வண்டியை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.

பர்மா கதை வேறு. 1930இல் பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. போட்ட மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதே வருஷம் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், நெல் விலை படுத்துவிட்டது. கடன் வாங்கிய குடியானவனால் திருப்ப முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930 வாக்கில் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. பார்த்தால் சொத்து பெருகியதுபோல் தெரியும். உண்மையில் பணம் வயலில் மாட்டிக்கொண்டது. நிலத்தைச் சுமந்துகொண்டு ஊர் திரும்ப முடியாது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான், ஓடி வந்தார்கள், அசாம் காட்டு வழியே நடந்து வந்தவர்களும் உண்டு. 1948இல் நில தேசியமயச் சட்டம். 1960களில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

ஆக, ஸ்டேஷன் கட்டி முடித்த வருஷமே அதற்கு வேலை கொடுக்க வேண்டிய தொழில் ஆட்டம் காணத் தொடங்கியது. ரயில்வேக்காரர்கள் செட்டிநாட்டைக் கைவிட்டார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ரயில் பந்தி முடிகிற நேரத்தில் வந்த விருந்தாளி.

செட்டிநாடு ஸ்டேஷனில் ராஜாவுக்குத் தனி மண்டபம் இருந்ததாமே?

ஆமாம், அரண்மனைக் குடும்பத்துக்கென்று தனிக் காத்திருப்பு மண்டபம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தான்காரர், 1881இல் பிறந்து 1948இல் மறைந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, செட்டிநாட்டு ராஜா என்ற பரம்பரைப் பட்டமும் அதே வருஷம். மறு வருஷம் ரயில். ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கானாடுகாத்தான் என்று பெயர் வைக்காமல் செட்டிநாடு என்று வைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள், பட்டத்தின் செல்வாக்கு புரியும்.

மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அரண்மனை அளவுக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

தேவகோட்டை அவ்வளவு பெரிய ஊர். ஊருக்குள் ஏன் ரயில் இல்லை?

பாதை காரைக்குடியிலிருந்து தென்மேற்காகக் கல்லல், சிவகங்கை பக்கம் திரும்பிவிட்டது. தேவகோட்டைக்காரர்களுக்காகக் காரைக்குடியை அடுத்து ஒரு ஸ்டேஷன் வைத்து தேவகோட்டை ரோடு என்று எழுதிப் போட்டார்கள். ஊர்ப் பேச்சில் அது தேவகோட்டை ரஸ்தா. இறங்கி ஊர் போய்ச் சேர அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். எப்படியும் பஸ் ஏற வேண்டும் என்றால் காரைக்குடியிலேயே ஏறிவிடலாமே என்று ஜனங்கள் முடிவு செய்ததில் ஆச்சரியம் என்ன?

கண்டனூர்–புதுவயல் ஸ்டேஷன் பல வருஷம் மூடிக் கிடந்ததே, அது என்ன கதை?

அது இன்னொரு பாதை. மேலே சொன்ன அறந்தாங்கிப் பாதைதான். இதன் தொடக்கம் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்து மாவட்ட நிர்வாகக் குழு. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் போட்டார்கள். ஜில்லா போர்டு ஒன்று தன் பணத்தில் ரயில் விட்டது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. 1902இல் பட்டுக்கோட்டை, 1903இல் அறந்தாங்கி. அங்கே நின்றுவிட்டது. காரைக்குடியோடு இணைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல். காரைக்குடி ஜங்ஷன் ஆனது அன்றிலிருந்துதான்.

இதிலும் அதே காலதாமதக் கதை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இது மிக வசதியான பாதை. திருவாரூரில் மாறினால் நாகப்பட்டினம். ராஜுலா கப்பலில் போன கதையைச் சொல்லாத வீடு நம் பக்கம் குறைவு. ஆனால் 1952இல் பர்மா முடிந்திருந்தது, மலேயாவிலும் பழைய வேகம் இல்லை.

மீட்டர் கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடியது. கம்பன் கழகம் கண்ட ஊருக்கு வரும் வண்டிக்கு வேறு என்ன பெயர் வைப்பது! 2012இல் அகலப்பாதை வேலைக்காகக் காரைக்குடி–பட்டுக்கோட்டை வண்டிகளை நிறுத்தினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. கண்டனூரிலும் புதுவயலிலும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து அஞ்சாம் வகுப்பு முடிக்கும் காலம் வரை ரயிலைப் பார்க்கவில்லை. புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர், லாரிகளுக்குக் குறைவில்லை. அதனால் சரக்கு நிற்கவில்லை, ரயில் பழக்கம்தான் நின்றது. 2018 மார்ச்சில் பட்டுக்கோட்டை வரையும், 2019 ஜூனில் திருவாரூர் வரையும் மறுபடி வண்டி ஓடியது.

ஓடியது என்று சொன்னேன், ஊர்ந்தது என்பதே சரி. வழியெல்லாம் லெவல் கிராஸிங், கேட்டுக்கு ஆள் போடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் கீப்பர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைப் பூட்டுவார், வண்டி நகர்ந்து தாண்டி மறுபடி நிற்கும், பின்பெட்டி ஆள் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். திருவாரூருக்கு அவசரமாகப் போகிறவர் யாரும் அதில் ஏறவில்லை.

இப்போது நிலைமை தேவலை. 2023இலிருந்து தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டி இரண்டும் இந்த வழிதான்.

மீட்டர் கேஜ் காலத்தில் சின்ன ஸ்டேஷனில் அப்படி என்ன வேலை நடக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாம் முப்பது வயதுக்குக் கீழே. சொல்கிறேன்.

வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன் அங்குள்ள மாஸ்டர் இங்குள்ள மாஸ்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். இவர் சம்மதித்துத் தன் பக்கத்துக் கருவியை இயக்கினால்தான் அவர் பக்கத்துக் கருவியிலிருந்து ஓர் இரும்புப் பந்து உருண்டு விழும். அதுதான் டோக்கன். அதை ஒரு தோல் பைக்குள் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. வண்டி வெளியே போனபின் இன்னொரு பந்து வெளிவராது, அதனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வர வழியே இல்லை. நிற்காத வண்டி என்றால் பாயிண்ட்ஸ்மேன் (தண்டவாளம் மாற்றிவிடும் ஊழியர்) பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். என்ஜினிலிருந்து ஒரு கை நீளும், வளையம் தோளுக்கு ஏறும், பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்து உருளும். அதை எடுத்துவர ஓடுகிற வேலை சில ஊர்களில் பையன்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

டிக்கெட் என்றால் கெட்டி அட்டை, இரண்டு விரல் அகலம். மாஸ்டர் மரப் பெட்டிக் குழியிலிருந்து உருவி, தேதி அடிக்கும் இரும்புக் கருவியின் வாயில் ஒரு முனையைச் சொருகுவார். டக் என்று ஒரு சத்தம். கைகாட்டியின் கை இறங்கினால் வண்டி வருகிறது என்று அர்த்தம். மணி என்பது பெரும்பாலும் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அதை ஓர் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள்.

மின்சார சிக்னலும் கணினி டிக்கெட்டும் வந்தபின் இத்தனைக்கும் ஆள் தேவைப்படவில்லை. ஸ்டேஷன் வெறிச்சோடியதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, இன்று ஏன் அங்கே கூட்டம் இல்லை?

பஸ் வீட்டு வாசலில் நிற்கிறது, ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. முக்கால்வாசிக் காரணம் இதுதான். மிச்சம்: பாசஞ்சர் வண்டிகள் குறைவு, நேரம் தோதாக இல்லை. சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்தே கிளம்புகிறது, எல்லாரும் அங்கே போய் ஏறுகிறார்கள். வீடுகளும் பாதி பூட்டிக் கிடக்கின்றன. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கலியாணத்துக்கும் வருகிறவர்கள் காரில் வந்து காரில் போகிறார்கள்.

செட்டிநாட்டில் பழைய விமான தளமும் இருக்கிறதாமே?

இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுபாதை, கால்நடைப் பண்ணை நிலத்துக்குள். மறுபடி விமானம் விடலாம் என்று அவ்வப்போது பேச்சு எழும். அதுவரை மாடு மேய்கிறது.

பழைய ஸ்டேஷன் கட்டடத்தை ஹோட்டலாகவோ அருங்காட்சியகமாகவோ மாற்றலாமே?

வீடுகளில் அது நடந்திருக்கிறது. கானாடுகாத்தானில் சில வளவு வீடுகள் நல்ல விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. ஸ்டேஷன் ரயில்வேயின் சொத்து, பங்காளிகள் கூடிக் கையெழுத்துப் போட்டால் முடிகிற விஷயம் இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால், அருங்காட்சியகம் அப்புறம் இருக்கட்டும். வாரக் கடைசியில் ஒரே ஒரு எக்ஸ்பிரஸை இரண்டு நிமிஷம் செட்டிநாடு ஸ்டேஷனில் நிறுத்திப் பார்க்கலாம். சுற்றுலாப் பயணி இறங்கினால் ஆட்டோ வரும், ஆட்டோ வந்தால் டீக்கடை வரும்.

தண்டவாளத்தில் நின்று போட்டோ எடுக்கலாமா?

கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டி வராத ஸ்டேஷன்போல் தெரிந்தாலும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வரும். பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு.

எங்கள் ஐயா எந்த ஸ்டேஷனில் ஏறி பர்மா போனார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வருஷம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1930க்கு முன் என்றால் காரைக்குடி ஸ்டேஷனே கிடையாது. மதுரை, மானாமதுரை, திருச்சி, அறந்தாங்கி இவற்றில் ஒன்றுக்கு வண்டி கட்டிப் போயிருப்பார். எது என்பது உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. 1930க்குப் பிறகு என்றால் காரைக்குடி, கோட்டையூர், செட்டிநாடு, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், இவற்றில் ஒன்றில் ஏறித் திருச்சி வழியாகச் சென்னை, அங்கே ரங்கூன் கப்பல்.

வருஷம் தெரியாவிட்டால் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் (வேலை ஒப்பந்தம்) கணக்குத் தொடங்கிய தேதி இருக்கும். வழிச்செலவைச் சிட்டையில் (கணக்குக் குறிப்பேடு) காலணா விடாமல் எழுதும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ரயில் சத்தம் (கட்டணம்) இவ்வளவு, வண்டிக்கூலி இவ்வளவு என்று எழுதியிருந்தால், வண்டிக்கூலித் தொகையைப் பார்த்தே ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று ஊகிக்கலாம். தபால் உறைகளைக் கிழித்து எறியாதீர்கள், முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். ஆச்சி இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள், சிட்டையை அப்புறம் பார்க்கலாம்.